நமீபியாவில் நாமே கார் ஓட்டலாமா? 10 நாளில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஜூலைக் கடைசியில் மனைவி, 2 பிள்ளைகளோடு 10 நாள் நமீபியா போகிறார். வாடகைக் கார் எடுத்துத் தானே ஓட்ட ஆசை. சின்னக் கார் போதுமா, சிங்கம், திருட்டு என்று பயப்பட வேண்டுமா, சொசுஸ்ஃப்ளெய் மணல் மேடுகள், எட்டோஷா வனவிலங்குப் பூங்கா, ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு, விக்டோரியா அருவி நான்கையும் பார்த்துவிட முடியுமா?

தாராளமாக ஓட்டலாம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான், தலைநகர் விண்ட்ஹூக்கை விட்டு வெளியே வந்தால் நெரிசலே கிடையாது. ஆனால் நான்கு இடமும் நடக்காது. ஃபிஷ் ரிவர் தெற்குக் கோடியில், அருவி வடகிழக்கு எல்லையையும் தாண்டி. இரண்டையும் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். விண்ட்ஹூக், சொசுஸ்ஃப்ளெய்க்கு வாசலான செஸ்ரியம், கடலோர ஊரான ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா, திரும்ப விண்ட்ஹூக், இந்தச் சுற்றுக்கே 10 நாள் சரியாக இருக்கும்.

சிங்கத்தை விடுங்கள், அங்கே பயப்பட வேண்டியது கிராவல் சாலைக்குத்தான். நாட்டின் பெரும்பாலான சாலைகள் தார் போடாதவை. பார்க்க அகலமாக, நேராக, ஆளே இல்லாமல் கிடக்கும், கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். ஆனால் மேலே கிடக்கும் சரளை டயருக்கடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும், வளைவில் திடீரென்று பிரேக் பிடித்தாலோ ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினாலோ வண்டி கவிழ்ந்துவிடும். 80 கிலோமீட்டருக்கு மேல் போகவே போகாதீர்கள். பல வாடகை வண்டிகளில் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி இருக்கும், வேக வரம்பைத் தாண்டிப் போய் விபத்து ஆனால் காப்பீடு கைவிரித்துவிடும். எதிரே லாரி வந்தால் முகப்பு விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, புழுதி அடங்கும்வரை மெதுவாகவே போங்கள், அந்தப் புழுதிக்குள் எதுவும் தெரியாது. டயரில் காற்றையும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்று வண்டி தருபவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் அது மாறும்.

சின்னக் கார் வேண்டாம், அதற்காக கூரையில் கூடாரம் வைத்த பெரிய ஃபோர் வீல் டிரைவும் தேவையில்லை. தரையிலிருந்து உயரமாக நிற்கும் எஸ்யூவி போதும். 2 ஸ்டெப்னி இருந்தால் நிம்மதி. வண்டி எடுக்கும்போதே ஜாக்கி, ஸ்பானர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, முடிந்தால் ஒரு டயரைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள். "முழுக் காப்பீடு" என்று சொன்னாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம், வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்வது எல்லாம் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும்.

இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. கூடு என்ற பெரிய மான், காட்டுப்பன்றி எல்லாம் குறுக்கே பாயும். ஜூலைக் கடைசியில் 6:30 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதனால் 5 மணிக்குள் தங்குமிடம் சேர்வது போலக் கிளம்புங்கள். விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரியம் சுமார் 350 கிலோமீட்டர், 5 மணி நேரமாவது ஆகும். மேப் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள், கையில் ரொக்கமும் இருக்கட்டும். தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் அங்கே ஒரே மதிப்பு, இரண்டும் செல்லும். ஆனால் மிச்சமான நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது, நமீபியாவிலேயே செலவழித்துவிடுங்கள்.

செஸ்ரியம் வாசலிலிருந்து சொசுஸ்ஃப்ளெய் பக்கம் 60 கிலோமீட்டர் தார் சாலை. கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல், அங்கே வீரம் காட்டாமல் வண்டியை நிறுத்திவிட்டு, ஆட்களை ஏற்றிப் போய்வரும் ஷட்டில் வண்டியில் ஏறுங்கள். பட்ட மரங்கள் நிற்கும் டெட்ஃப்ளெய்க்கு அப்புறம் கொஞ்சம் நடக்க வேண்டும், காலையிலேயே போய்விட்டால் மணல் சுடாது. பகலில் இதமாக இருந்தாலும் ஜூலை இரவில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், ஸ்வெட்டர் போதாது, ஜாக்கெட் வேண்டும்.

ஆவணங்கள்: ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், 1 வருடம் செல்லும். பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பெற்றோர் இருவர் பெயரும் ஆங்கிலத்தில் இருப்பது, கட்டாயம் கையில் இருக்கட்டும். விசா விதி சமீபத்தில் மாறியிருக்கிறது, டிக்கெட் போடும் முன் நமீபிய உள்துறையின் தளத்தைப் பாருங்கள். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போய், அங்கே வெளியே இறங்கித் தங்குவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும், பயணத்துக்கு 10 நாள் முன்பே. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எட்டோஷா பக்கம் மலேரியா உண்டு, ஜூலையில் குறைவுதான், இருந்தாலும் பிள்ளைகள் இருப்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திருட்டு என்றால், விண்ட்ஹூக்கில் காருக்குள் பை தெரியும்படி வைக்காதீர்கள், அவ்வளவுதான். சைவமாக இருந்தால் விண்ட்ஹூக், ஸ்வாகோப்முண்ட் சூப்பர் மார்க்கெட்டிலேயே அரிசி, பருப்பு வாங்கிச் சமையல் வசதியுள்ள இடத்தில் தங்குங்கள், வழியில் எங்கும் கறிதான். நம் வீட்டு கீசருக்குப் போடும் பெரிய பின் பிளக்தான் அங்கே, அதற்கு ஏற்ற கன்வெர்ட்டர் ஒன்றை இங்கேயே எலக்ட்ரிகல் கடையில் வாங்கிவிடுங்கள்.

எட்டோஷாவில் ஒகாகுவேயோ முகாமில் அறை கிடைத்தால் விடாதீர்கள். அங்கே குட்டைக்கு இரவில் விளக்குப் போட்டிருப்பார்கள், யானையும் காண்டாமிருகமும் தண்ணீர் குடிக்க வரும், வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் கூட்ட நேரம், அதனால் விமானத்துக்கு முன் இந்த அறையைப் பதிவு செய்யுங்கள், மற்றதை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.