கணினி கேள்வி – பதில்: கருவிக்குக் கையேடு எழுதும்போது

கேள்வி: துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் அனுப்பும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். துறைமுக வாசலான ஜீரோ கேட் வரிசையில் எத்தனை வண்டி, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதெல்லாம் கிராஃபானா என்ற மென்பொருளின் டேஷ்போர்டில் (தகவல்களை எண்ணாகவும் வரைபடமாகவும் காட்டும் திரை) ஓடுகிறது. அந்தத் திரையின் ஒவ்வொரு பேனலிலும் (கட்டத்திலும்) எந்தெந்த ஆப்ஷனை மாற்றலாம் என்று எடுத்துக்காட்ட பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதினேன். அதற்குக் கையேடு கேட்கிறார்கள். ஆப்ஷன்களை வரிசையாக எழுதியதில் 40 பக்கம் ஆகிவிட்டது. யாராவது படிப்பார்களா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: படிக்கமாட்டார்கள். படித்தாலும், கிராஃபானாவை அப்டேட் செய்தால் அதில் பல வரிகள் பொருந்தாமல் போகும். பட்டியல் போடத்தான் கருவி இருக்கிறதே! அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் கையேட்டில் வையுங்கள். இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும்.

கருவியை ஓட்டும் கட்டளை முதலில். அதற்குக் கீழே, நிஜமாக வந்த வெளியீட்டிலிருந்து ஒரு வரி. ஒரு எண்ணைப் பெரிதாகக் காட்டும் ஸ்டாட் பேனலின் 'கலர் மோடு' (நிறம் எதற்கு என்பது) இதற்குத் தோது. 'இருப்பது: வேல்யூ. ஏற்பது: நன், வேல்யூ, பேக்ரவுண்டு' என்று கருவி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'இருப்பது' டேஷ்போர்டின் ஜேசானிலேயே (அமைப்புகளைச் சேமிக்கும் உரை வடிவம்) கிடைக்கும். 'ஏற்பது' அதில் கிடையாது. கிராஃபானாவின் மூல நிரலில் உள்ள ஸ்கீமா கோப்புகளிலிருந்துதான் (எந்த ஆப்ஷன் எந்த மதிப்புகளை ஏற்கும் என்ற வரையறை) எடுக்கவேண்டும். எந்தப் பதிப்பின் ஸ்கீமா என்பதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். புதிய பதிப்புகளில் 'பேக்ரவுண்டு சாலிட்' என்று இன்னொரு மதிப்பும் உண்டு. பழைய ஸ்கீமாவை வைத்திருக்கும் கருவி அதைத் தப்பு என்று சொல்லிவிடும்.

அடுத்து, எந்த ஆப்ஷன் எங்கே இருக்கிறது என்பது. தோற்றம் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் இருக்கும். அலகு, தசம இடம், த்ரெஷோல்டு (நிறம் மாறும் எல்லை) எல்லாம் 'ஃபீல்டு கான்ஃபிக்' பகுதியில். அதற்குள் 'டிஃபால்ட்ஸ்' (எல்லா ஃபீல்டுக்கும் பொது), 'ஓவர்ரைட்ஸ்' (குறிப்பிட்ட ஃபீல்டுக்கு மட்டும்) என இரண்டு பிரிவு. 'டிஃபால்ட்ஸில் அலகை நிமிடம் என்று மாற்றினேன், திரையில் மாறவே இல்லை' என்ற புலம்பல் உங்களுக்கு நிச்சயம் வரும். அதே ஃபீல்டின் அலகுக்கு ஓவர்ரைட் போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

த்ரெஷோல்டையும் ஒரு முறை விரித்துக் காட்டிவிடுங்கள். வண்டி நின்று 30 நிமிடம் ஆனதும் மஞ்சள், 60 ஆனதும் சிவப்பு என்று வைத்தால் ஜேசானில் மூன்று படிகள் வரும்: நல் (null, அதாவது மதிப்பு இல்லை), 30, 60. முதல் படியின் 'நல்' என்பதை டேட்டா வரவில்லை என்று நினைத்துக் குழம்புவார்கள். அது 30-க்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்குமான அடிப்படை நிறம். சந்தேகம் வந்தால் பேனல் மெனுவில் 'இன்ஸ்பெக்ட்', அதில் 'பேனல் ஜேசான்' என்று போய் கருவி சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: இதே மாதிரி ஒரு கருவி எங்கள் ஆபீஸிலும் இருக்கிறது. திரையில் 14 பேனல் தெரிகிறது. கருவி 9 என்கிறது. இதைக் கையேட்டில் 'தெரிந்த பிழை' என்று போட்டுவிடலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: அவசரப்படாதீர்கள். சுருக்கிய நிலையில் சேமித்த 'ரோ' (பேனல்களைத் தொகுக்கும் வரிசை) இருந்தால் அதன் பேனல்கள் மேல்மட்டப் பட்டியலில் இருக்காது. அந்த ரோவுக்குள்ளேயே இன்னொரு 'பேனல்ஸ்' பட்டியலாக இருக்கும். கருவி அதற்குள் இறங்காவிட்டால் எண்ணிக்கை குறையும். இது நிஜமான பிழை, நிரலைத்தான் திருத்தவேண்டும். 'ரிபீட்' வைத்த பேனல் வேறு விஷயம்: ஜேசானில் ஒன்றுதான் இருக்கும், திரையில் வேரியபிளில் (டேஷ்போர்டின் மேலே தேர்ந்தெடுக்கும் மாறி) தேர்ந்த ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்றாகப் பெருகும். அங்கே கருவி சொல்வதே சரி, கையேட்டில் விளக்கினால் போதும். பல டேஷ்போர்டுகளில் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரி பேனலில் எண்ணிக்கை ஒத்துப்போகும், ஆனால் சேமித்த ஜேசானில் யுஐடியும் (தனி அடையாளக் குறி) பெயரும் மட்டும் இருந்து ஆப்ஷன்கள் காலியாகத் தெரியலாம். அவற்றை லைப்ரரி எலிமென்ட்ஸ் ஏபிஐ (நிரல்கள் கிராஃபானாவிடம் தகவல் கேட்கும் வழி) மூலம் தனியே வாங்கவேண்டும்.

கேள்வி: கருவியை ஓட்டினால் சிலருக்கு 401, சிலருக்கு 403 என்று கிராஃபானா சர்வரின் பிழை எண் வருகிறது. கையேட்டில் என்ன எழுதுவது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: 401 என்றால் டோக்கன் (கருவி உள்ளே நுழையக் கொடுக்கும் ரகசியச் சாவி) தவறு அல்லது காலாவதி. 403 என்றால் டோக்கன் சரி, அந்த டேஷ்போர்டைப் பார்க்க அனுமதி இல்லை. 404-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் யுஐடி தப்பாக இருக்கும். பிரவுசர் முகவரியில் 'டி' என்ற எழுத்துக்கு அடுத்த சாய்கோட்டுக்குப் பின் வருவதுதான் யுஐடி. கடைசியில் வரும் பெயரைக் காப்பி செய்து ஒட்டுபவர்கள் நிறைய. டோக்கனுக்கு 'வியூவர்' (பார்க்க மட்டும்) உரிமையுள்ள சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு அல்லாமல் நிரலுக்கான கணக்கு) போதும். படிக்க மட்டுமே செய்யும் கருவிக்கு 'அட்மின்' எதற்கு? கையேட்டில் போடும் ஸ்கிரீன்ஷாட்டில் டோக்கன் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கையேட்டை எப்போது புதுப்பிப்பது?
– வாசகி, எண்ணூர்

பதில்: கிராஃபானாவை அப்டேட் செய்யும்போதெல்லாம். அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் கருவியை ஓட்டி, இரண்டு வெளியீட்டையும் டிஃப் போட்டு (வரிக்கு வரி ஒப்பிட்டு) பாருங்கள். மாறிய வரிகளைச் சார்ந்த பத்தியைத் திருத்தி, மேலே பதிப்பு எண்ணை மாற்றினால் ஆயிற்று.