டங்ஸ்டன் 3,400 டிகிரி தாங்கும் என்றால், ஜெட் என்ஜினின் சூடான பகுதியில் சுழலும் பிளேடை ஏன் அதில் செய்வதில்லை?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் ராடின் நுனியில் ஆர்க் எனும் மின்பொறி உண்டாக்கி உலோகத்தை உருக்கி ஒட்டுவது) நடக்கும் ஏதாவது ஒரு பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எஸ்.எஸ். பைப் ஒட்டும்போது டங்ஸ்டன் ராடின் நுனி உருகிய உலோகத்தில் பட்டுக் கெட்டுவிட்டால், வெல்டர் அதை ஆறவிட்டு, பிளேயரால் பிடித்து ஒரு தட்டு தட்டுவார். வளையாது, சாக்பீஸ் மாதிரி டக்கென்று உடையும். சற்று முன்புவரை ஆர்க்கின் வெப்பத்தை உருகாமல் தாங்கிய அதே நுனிதான்!

உருகுநிலை 3,422 டிகிரி, சரி. ஆனால் உலோகம் உடையாமல் வளைய, உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். சாதாரண டங்ஸ்டனில் சில நூறு டிகிரி சூடேறினால்தான் அது தாராளமாக நடக்கும். குண்டு பல்பின் இழை மட்டும் எப்படிச் சுருண்டது? சூட்டில் அடித்து, இழுத்து, உள்ளிருக்கும் படிகங்களை நார்போல் நீளமாக்கியதால். எரிய எரிய அந்தப் படிகங்கள் மாறி வளரும். பழைய பல்பை ஆட்டினால் இழை அறுவது அதனால்தான்.

கால் பங்கு ரீனியம் என்ற அரிய உலோகத்தைச் சேர்த்தால் டங்ஸ்டன் நன்றாகவே வளையும். ஆனால் ரீனியம் விலையைக் கேட்டால் நமக்குத்தான் சூடேறும்.

அப்புறம், இப்படி அதிக சூடு தாங்கும் உலோகங்கள் பலவற்றைக் கலந்த கலவைகள். அமெரிக்காவில் செங்கோவ் என்ற ஆய்வாளரின் குழு 2010, 2011-ல் வெளியிட்ட இரண்டைப் பாருங்கள். நியோபியம், மாலிப்டினம், டான்டலம், டங்ஸ்டன் நான்கையும் சம அளவில் கலந்தது 1,600 டிகிரியிலும் சுமார் 400 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) தாங்கியது. அறை வெப்பத்தில் அழுத்தினால் உயரம் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்ததுமே விரிசல். ஹாஃப்னியம், டைட்டானியம், சிர்கோனியம் சேர்ந்த இன்னொன்று அறை வெப்பத்தில் பாதி உயரத்துக்கு நசுக்கியும் உடையவில்லை. ஆனால் 1,200 டிகிரியில் அதன் பலம் 100 மெகாபாஸ்கலுக்கும் கீழே. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

இதெல்லாம் சரியானாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் விடாது. மாலிப்டினத்தின் ஆக்சைடு சூட்டில் புகையாகவே போய்விடும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில், சூடான வாயு வெளியேறும் நாசிலில் நியோபியம் கலவையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டம் எரிவது சில நிமிடங்கள். விமான பிளேடு ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் உள்ளே ஏதாவது வந்து மோதினாலும் நொறுங்காமல். டங்ஸ்டன் எடையோ நிக்கலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சுழலும் பாகத்துக்கு அது பெரிய சுமை. அதனால்தான் 1,350 டிகிரி வாக்கில் உருகும் நிக்கல் கலவையில் நுண்துளை போட்டு, காற்றை ஊதிக் குளிரவைத்து ஓட்டுகிறார்கள். என் கணிப்பில், இன்னும் பல வருடங்களுக்கு அப்படித்தான்.