இசை கேள்வி–பதில்: நியூ ஆர்டரின் மறுபதிப்புகள்

கேள்வி: ஜாய் டிவிஷனின் இருண்ட இசையிலிருந்து நியூ ஆர்டர் நடன இசைக்கு வந்தது எப்படி? மறுபதிப்புகளில் எதை வாங்கலாம்?
– வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: ஜாய் டிவிஷன் ஓர் ஆங்கிலேய ராக் இசைக்குழு. 1980 மே மாதம் அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டபின், எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தனர், விரைவில் கீபோர்டு கலைஞர் கில்லியன் கில்பர்ட்டும் சேர்ந்தார். 1981-இல் வந்த ‘மூவ்மென்ட்’ ஆல்பம் இன்னும் பழைய துக்கத்திலேயே தோய்ந்திருந்தது. நியூயார்க் நடன விடுதிகளில் கேட்ட மின்னிசையும், புதிதாகக் கைக்கு வந்த டிரம் மெஷின் (மின்தாளக் கருவி), சீக்குவென்சர் (பதித்த சுரங்களைத் தானே வாசிக்கும் கருவி) ஆகியவையுமே அவர்களைத் திசைதிருப்பின. 1983-இன் ‘ப்ளூ மண்டே’ ஏழரை நிமிடப் பாடல். கில்பர்ட் சீக்குவென்சரில் ஒரு சுரத்தை விட்டுவிட்டதால் அதன் மெட்டு தாளத்திலிருந்து சற்றே பிசகி ஓடுகிறது. மார்கழிக் கச்சேரியில் தாளம் தப்பினால் முகம் சுளிக்கும் நம் ரசிகர்களுக்கும் இந்தப் பிசகு பிடித்துப்போகும் என்பது என் எண்ணம். இந்த மாற்றத்திலும், பழைய மூவரில் ஒருவரான பீட்டர் ஹூக்கின் உச்சஸ்தாயி பாஸ் கிட்டார் மட்டும் எங்கும் போய்விடவில்லை.

1980-களின் ஐந்து ஆல்பங்களும் 2008-இல் இரட்டைக் குறுந்தட்டுகளாக வெளியாயின. தனித் தட்டுகளாக வந்த நீண்ட நடன வடிவங்களை இரண்டாம் தட்டில் சேர்த்தது நல்ல யோசனை. ஆனால் முதல் பிரதிகளில் ஒலிக்குறைகள் மலிந்திருந்ததால், பின்னர் திருத்திய பிரதிகளை வெளியிட நேர்ந்தது. பழைய தட்டுக் கடையில் வாங்குவதானால் கேட்டுப் பார்த்தே வாங்குங்கள். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ ஆல்பத்தின் 2020 பெட்டிப் பதிப்பைச் சொல்வேன். விலைதான் சற்று மிரட்டும்.