மழை லீவு நாளில் உடுத்து ஒருங்கணுமா?

கேள்வி: திருவட்டார் பக்கம் எங்கள் வீடு. மழைக்குக் கலெக்டர் லீவு விட்டாலோ, இரண்டாம் சனிக்கிழமை வந்தாலோ, எங்கள் வீட்டில் மதியம் வரைக்கும் யாரும் உடுப்பு மாற்றுவதில்லை. நான் நைட்டியில், அவர் சாரத்தில் (லுங்கியில்), பத்தாம் வகுப்பு மகளும் ஆறாம் வகுப்பு மகனும் ராத்திரி போட்டதிலேயே. மாமிக்கு இது பொறுக்கவில்லை. "விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, குளிச்சு வேற உடுத்தா என்ன?" என்று என்னையும் மகளையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வெளியே போகாத நாளில் எதற்கு ஒருங்க (உடுத்துத் தயாராக) வேண்டும்? துவைக்கிற துணிதானே கூடும்? மழையில் அதை எங்கே காயப்போட? யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வெளியே போகாத நாளில் ஒருங்க வேண்டியதில்லை. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. படுத்து எழுந்த உடுப்பிலேயே மதியம்வரை இருப்பது நல்லதில்லை. அதில் மாமி சொல்வது சரி. பத்து மணி வரைக்கும் எல்லோரும் அப்படியே இருங்கள், சாயா குடியுங்கள், மழையைப் பாருங்கள். அதன்பின் குளித்து, துவைத்த பழைய பருத்தி உடுப்பு ஒன்றுக்கு மாறினால் போதும். அது இன்னொரு நைட்டியாகவோ இன்னொரு சாரமாகவோ இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. உடுப்பின் தினுசு முக்கியமில்லை, அது வேர்வை படாததா என்பதே முக்கியம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, பக்கத்திலேயே கடல். காற்றில் ஈரம் குறைவதே அபூர்வம். ராத்திரி வேர்த்தது உடுப்பிலேயே தங்கிவிடுகிறது. இடுப்பு எலாஸ்டிக், தொடையிடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே உள்ள மடிப்பு, இந்த இடங்களில் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் படர்தாமரை பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் துவர்த்து (துண்டு), சாரம், படுக்கை விரிப்பு வழியாக மற்றவர்களுக்கும் பரவும். அப்படி யாருக்காவது இருந்தால் அவர் துணியைத் தனியாக, சூடு தாங்கும் துணியென்றால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். உள்ளாடையின் தையலோரங்களை நன்றாக இஸ்திரி போடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கியது போலத் தோன்றும், பிறகு முன்னைவிட அகலமாகப் படரும். தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்ததை, தடம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரைக்கும் பூச வேண்டும்.

மாமியின் வற்புறுத்தலுக்கு உடம்பு மட்டும் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். இந்த மண்ணில் பெண்கள் மேலுடம்பை மறைத்து உடுத்துவதற்கே போராட வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1859 ஜூலையில், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். இதுபோன்ற அனுபவம் இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. ஒழுங்காக உடுத்துவது என்பது பழைய ஆட்களுக்கு வெறும் பகட்டு அல்ல, மானத்தோடு சேர்ந்த காரியம். உங்கள் மாமி எதை நினைத்துச் சொல்கிறார் என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும். ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். கடிதத்தில் அவர் உங்களையும் மகளையும்தான் சொல்கிறார். அதே சாரத்தில் அதே நேரம்வரைக்கும் இருக்கும் உங்கள் வீட்டுக்காரரையும் மகனையும் சொல்வதாக நீங்கள் எழுதவில்லை. வேர்வை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பத்து மணி என்று வைத்தால் ஐந்து பேருக்கும் பத்து மணி. மகளுக்கு மட்டும் சட்டம் போட்டால், வளர்கிற பெண் அதைச் சுத்தம் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டாள், தன் உடம்பைப் பற்றிய குறையாகவே எடுத்துக்கொள்வாள். என்ன உடுத்துவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இனி துணிக் கணக்கு. உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் முறை வைத்தால் துணி அவ்வளவு கூடாது. சாயங்காலமும் குளிக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதுதான் இங்கே கைகொடுக்கும். குளித்துவிட்டுப் போடும் ராத்திரி உடுப்பை இரண்டு ராத்திரி போடலாம். காலையில் கழற்றியதும் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைக்காமல், உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, காற்றுபடும் ஆணியில் மாட்டுங்கள். அன்றைக்கு அதிகம் வேர்த்திருந்தாலோ, குளிக்காமல் படுத்திருந்தாலோ ஒரு ராத்திரிதான். உள்ளாடை மட்டும் எப்போதும் தினமும் மாற வேண்டும். பகலில் போடும் வீட்டுடுப்பு ஆளுக்கு மூன்று: ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். மழை மாதங்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். நரைத்த சுடிதார் டாப், காலர் தேய்ந்த சட்டை எல்லாம் இதற்குப் போதும், புதிதாக வாங்க வேண்டாம். கிழிந்ததைப் போட வேண்டாம் என்று சொல்வோம். யாராவது திடீரென்று வாசலில் வந்து நின்றால் ஓடி ஒளிய வேண்டியிருக்கும். முன்கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் பருத்தித் துப்பட்டாவும் ஒரு சட்டையும் தொங்கட்டும். பால்காரர் வந்தாலும் கேதம் (சாவுச் செய்தி) சொல்ல ஆள் வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கலாம்.

மழைக்காலத்தில் துணி நாறுவது மழையால் மட்டுமல்ல. காய அதிக நேரம் எடுக்கும்போது, துவைத்தும் போகாமல் நூலில் மிஞ்சிய வேர்வையிலும் எண்ணெயிலும் பாக்டீரியா பெருகுகிறது, நாற்றம் அதனால். சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் அதுவும் அலசப்படாமல் நூலில் தங்கி நாற்றத்தைக் கூட்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு போதும். இயந்திரமாக இருந்தால் டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்காதீர்கள், பிழியும் சுற்றை இன்னொரு முறை ஓட்டுங்கள். கையால் துவைப்பதென்றால் பிழிந்த துணியைக் காய்ந்த துவர்த்தில் வைத்துச் சுருட்டி, மேலே அழுத்தி எடுங்கள். துவைத்தது வாளியிலேயே கிடக்கக் கூடாது, உடனே கொடிக்குப் போக வேண்டும். கொடியில் ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் ஒரு கை அகலம் இடைவெளி வேண்டும். நைட்டியின் சுருக்கு வைத்த நெஞ்சுப் பகுதிதான் கடைசியில் காயும், அதனால் திருப்பிப் போட்டு ஹாங்கரில் மாட்டுங்கள். வீட்டுக்குள் என்றால் எதிரெதிர் ஜன்னல் திறந்த அறையில், ஃபேன் காற்று துணிகளுக்கு நடுவே போகிற மாதிரி. கதவடைத்த படுக்கையறையில் காயப்போடவே வேண்டாம். துணியும் நாறும், சுவரிலும் பூசணம் பிடிக்கும்.

தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் நைட்டிக் கழுத்திலும் தலையணை உறையிலும் மஞ்சளாகப் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும். அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைத் தேய்த்து, 15 நிமிடம் விட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் துவையுங்கள். தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால் மழைநாளின் பச்சைத் தண்ணீரில் அது சரியாக இளகாது. ரப்பர் பால் பட்ட துணிக்கு இதற்கு நேர்மாறு: ஈரம் காயுமுன் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், உறைந்து ஒட்டிவிட்டால் போகாது. பால்வெட்டுக்குப் போகிறவர் அந்த உடுப்பைத் தனியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

அடுக்களைக்கு நைட்டி சரியா என்றால், தைத்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. தொங்கும் கையும் லேஸும் உள்ள வழுவழுப்பான பாலியஸ்டர் நைட்டியோடு கேஸ் அடுப்பின் முன் நிற்கவே கூடாது. தீப்பிடித்தால் அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியும்தான், ஆனால் அப்படி உருகி ஒட்டாது. முழங்கைக்கு மேலே நிற்கும் கை, கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும் நீளம், இந்த அளவு சொல்லித் தைக்கக் கொடுங்கள். ஈரத்தரையில் தடுக்கி விழுவதும் குறையும். வாசலுக்கு என்று போட்ட துப்பட்டாவை அடுப்புக்கு முன் எடுத்துவிடுங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, பற்பசை பூசக் கூடாது.

ஒரு சோம்பல் நாள் யாரையும் கெடுக்காது. ஆனால் வழக்கமாகக் குளித்து உடுத்தும் ஒருவர் லீவு முடிந்த பிறகும் இரண்டு வாரமாகக் குளிக்காமல், உடுப்பு மாற்ற மனமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் மாறிப் படுத்தே கிடந்தால், அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கேட்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

அடுத்த லீவு நாளுக்கு முந்தின ராத்திரியே ஐந்து பேரின் வீட்டுடுப்பையும் எடுத்து ஒரு நாற்காலியில் வையுங்கள். கழற்றியதைக் கொண்டுபோய்ப் போடுவது அவரவர் வேலை. கொடியில் விரிப்பது மகனுக்கு, காய்ந்ததை எடுத்து மடிப்பது அவன் அப்பாவுக்கு. மகளுக்கு இந்த வருஷம் பரீட்சை இருக்கிறது, அவளை விட்டுவிடுங்கள்.