நிறம் போச்சு, உப்பு போகலீங்க: வாசகர் கேள்வி பதில்

*தண்ணீர், தூசி, புகை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். தண்ணீர்க் கடிதங்களே அதிகம் என்பதால் அதற்கே இடமும் அதிகம்.*

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்க தோட்டமுங்க. சாயத்தண்ணி வர்றது நின்னு பல வருஷமாச்சு. போர் தண்ணி இப்பப் பளிங்காட்டம் இருக்குது, ஆனா வாயில வெச்சா கரிக்குது. டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்ச உப்போட மொத்த அளவு) மீட்டர் 2,500 காட்டுது. காய்ச்சித்தான் குடிக்கிறோம். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க. இதைக் குடிக்கலாமுங்களா?
— வாசகர், சென்னிமலை வட்டாரம்

குடிக்க வேண்டாம். காய்ச்சியும் வேண்டாம்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட்டாக வேண்டும். அடர் நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை போகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்பு அத்தனையும் கழிவோடு வெளியேறும். 1992-இல் பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது இந்தத் தண்ணீர்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு கழிவைச் சுத்திகரித்து, சொட்டுகூட வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பட்டறைகளுக்கே அனுமதி. நிறம் மண்ணில் ஒட்டும், நாளாக நாளாகச் சிதையும். உப்பு சிதையவே சிதையாது. பாறை இடுக்கில் இறங்கிய உப்பை மழைத் தண்ணீர்தான் கரைத்துக் கொண்டுபோக வேண்டும். நம் பக்கம் மழையோ குறைவு. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் நாக்குக்குக் கரிப்பது இதனால்தான்.

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. 10 லிட்டரைக் கொதிக்க வைத்து 8 லிட்டராக வற்றினால் உங்கள் 2,500 ஏறக்குறைய 3,100 ஆகிவிடும். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை, சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி மட்டுமே. சோடியம் உப்பு தண்ணீரிலேயே நிற்கும்.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது. ஆனால் அந்த மீட்டரை முழுக்க நம்பாதீர்கள். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து அது ஒரு கணக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்த உப்பு, எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது.

எந்த உப்பு என்பதுதான் உங்கள் அம்மாவுக்கு முக்கியம். ஒரு லிட்டரில் குளோரைடு 1,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கச் சாப்பாட்டு உப்பாக இருந்தால் லிட்டருக்குச் சுமார் 1.6 கிராம் உப்பு. மூன்று லிட்டர் குடித்தால் கிட்டத்தட்ட 5 கிராம். ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அதற்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே அதுதான். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுச் சொம்பில் குடித்தால் மாத்திரை என்ன செய்யும்? இந்தத் தண்ணீர் விவரத்தை மாத்திரை எழுதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சல்பேட் அதிகம் என்றால் புதிதாக வரும் விருந்தாளிக்கு வயிறு போகும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிவிட்டிருக்கும்.

ஆகவே முதலில் பரிசோதனை. மாவட்டந்தோறும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் உண்டு. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீரைக் கொடுத்தால் குழாயின் கதைதான் வரும். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி, ஊர், ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் கேன், பினாயில் கேன் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டிலை வாங்கி, அலசாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு ஐந்தையும் கேட்டு வாங்குங்கள்.

நைட்ரேட்டைத் தனியாகச் சொல்கிறேன். மாட்டுச் சாளை, கோழிப்பண்ணை, கக்கூஸ் குழி இவற்றில் ஒன்று போருக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஏறும். எல்லை 45 மில்லிகிராம். அதற்கு மேல் சலுகையே கிடையாது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் புட்டிப்பால் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலமாகும். அங்கேயும் காய்ச்சுவது நிலைமையை மோசமாக்கும்.

வீட்டுக்கு ஆர்.ஓ. (உப்பைப் பிரித்தெடுக்கும் மெஷின்) வாங்குவதாக இருந்தால்: சாதாரண வீட்டு மெஷின் 2,000 டி.டி.எஸ். வரைக்கும் என்று எழுதித்தான் விற்கிறார்கள். 2,500-க்கு மாட்டினால் மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதிக உப்புக்கு உள்ள மெம்பிரேனைக் கேட்டு வாங்குங்கள். நன்றாக வேலை செய்தால் 2,500 என்பது 250-க்கு அருகில் வரும். மாதம் ஒருமுறை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மீட்டரில் பாருங்கள் (அந்த மீட்டருக்கு உருப்படியான வேலை இதுதான்). வெளியே வருவது மெதுவாக ஏறினால் மெம்பிரேன் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வீணாகும்; அந்தக் கழிவு 3,200 போல இருக்கும். கக்கூஸுக்கு ஊற்றலாம். தென்னை ஓரளவு தாங்கும். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினால் இலை கருகும்.

ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வாரம் ஒருமுறை வந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் அதைச் சேமித்து வையுங்கள். போர் தண்ணீர் துணிக்கும் மாட்டுக்கும் போகட்டும். மாட்டுக்கும் 3,000-க்கு மேல் ஏறினால் யோசிக்க வேண்டும்.

என் பையனுக்கு எட்டு வயசுங்க. புதுசா முளைச்ச முன் பல்லுல குறுக்கால காவிக் கோடு. எவ்வளவு தேய்ச்சும் போகல. கிளாஸுல பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்குதுன்னு டீச்சர் சொல்றாங்க.
— வாசகி, பென்னாகரம்

தேய்த்துப் போகாது. பையனைத் திட்டாதீர்கள்.

புளோரைடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; பல் மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பாறையில் புளோரைடு இயற்கையாகவே இருக்கிறது. இது யார் ஆலையின் கழிவும் இல்லை. போர் எவ்வளவு ஆழம் போகிறதோ, தண்ணீர் அவ்வளவு நாள் பாறையோடு கிடந்து அதைக் கரைத்துக்கொள்ளும். எல்லை 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. டி.டி.எஸ். 400 காட்டும் தண்ணீரிலும் இருக்கும்.

பல் எனாமல் ஈறுக்குள் உருவாகும்போதே, அதாவது எட்டு வயதுக்குள், இந்தக் கறை விழுந்துவிடுகிறது. விழுந்தது நிரந்தரம், பூச்சு வேலையால் மறைக்கலாம். பல்லோடு நின்றால் அழகுப் பிரச்சினை. அதிக அளவு புளோரைடை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறும். கழுத்தும் முதுகும் விறைக்கும், குனிய முடியாது. அதற்குத் திரும்ப வழியில்லை. தங்கச்சி, தம்பி இருந்தால் அவசரம் அவர்களுக்குத்தான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே புளோரைடுக்காகத்தான் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டிலும், சிலர் ‘போர் தண்ணிதான் ருசி’ என்று அதையே குடிக்கிறார்கள். தொட்டியில் இரண்டையும் கலந்து ஏற்றுவதும் உண்டு. உங்கள் தெருத் தொட்டியில் என்ன ஏறுகிறது என்று தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் கேளுங்கள்.

மழைத் தண்ணீரில் புளோரைடு இல்லை என்றே சொல்லலாம். 500 சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது போக 22,000 லிட்டர் கிடைக்கும். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 போதும். முதல் மழையின் 100 லிட்டரை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வழியாக, வெளிச்சம் படாத தொட்டியில் சேருங்கள். குடிப்பதற்கு முன் காய்ச்சுங்கள். இந்தத் தண்ணீரைக் காய்ச்சுவது சரி.

ஆர்.ஓ. புளோரைடை எடுக்கும். ஆனால் ‘ருசி கூட்ட’ என்று மெக்கானிக் திருகும் டி.டி.எஸ். கன்ட்ரோலர், சுத்தம் செய்யாத தண்ணீரை மறுபடி கலக்கிற வால்வு. அதை முழுக்க மூடச் சொல்லுங்கள். பையனுக்குக் களியும் பாலும் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்து வயிற்றில் புளோரைடைப் பிடித்துக்கொள்ளும். கட்டன் டீ வேண்டாம், தேயிலையிலும் புளோரைடு உண்டு.

ஸ்பின்னிங் மில்லுல ப்ளோ ரூம் (பஞ்சைப் பிரிச்சுச் சுத்தம் பண்ற இடம்) வேலைங்க. லீவு முடிஞ்சு போற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்கிப் பிடிக்குது, மறுநாள் சரியாயிருது. தினமும் வெல்லம் சாப்பிடறேன். போதுமுங்களா?
— வாசகர், பல்லடம்

வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, பஞ்சுத் தூசி நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கும் சந்திப்பதில்லை.

லீவுக்கு அடுத்த நாள் மட்டும் இறுக்கம் என்பது பிசினோசிஸ் எனும் பஞ்சு நோயின் முதல் அடையாளம். பஞ்சோடு வரும் காய்ந்த இலைத் தூளும் அதில் உள்ள பாக்டீரியா நஞ்சும் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. இப்போது தூசியை விட்டு விலகினால் சரியாகும். இறுக்கம் வாரம் முழுக்க வர ஆரம்பித்த பிறகு முழுதாகத் திரும்பாது. பீடி, சிகரெட் இருந்தால் இன்னும் வேகமாகக் கெடும்.

சாதாரண நாளில் ஊதிப் பார்த்தால் ரிப்போர்ட் நன்றாகவே வரலாம். லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன் ஒரு முறையும் முடிந்ததும் ஒரு முறையும் ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ‘ப்ளோ ரூம், இத்தனை வருஷம்’ என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள், இ.எஸ்.ஐ.-க்கான தொழில்நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. துண்டு கட்டுவது நுண்தூசியை நிறுத்தாது. என்95 மாஸ்க், மூக்குக் கம்பியை அழுத்தி, தாடியில்லாத முகத்தில் போட்டால்தான் பயன். மெஷினையும் சட்டையையும் ஏர் பைப் வைத்து ஊதுவது, படிந்த தூசியை மறுபடி மூக்குக்கு ஏற்றும் வேலை. உறிஞ்சும் மெஷின் கேளுங்கள். ப்ளோ ரூமிலிருந்து, நூல் சுற்றும் கோன் வைண்டிங் பக்கம் மாற்றிக் கேட்பதும் நியாயமான கோரிக்கைதான்.

எங்க தெருவுல குழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா. டிரம்முல பிடிச்சு வெச்சா டெங்கு வரும்ங்கறாங்க. பிடிக்காம எப்படிங்க?
— வாசகி, திருப்பூர்

பிடியுங்கள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். உங்கள் பத்து நாள் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டை டிரம் சுவரில், தண்ணீர் விளிம்பை ஒட்டி இருக்கும்; காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். நார் போட்டு அந்த விளிம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடியுங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். துணி தொங்கித் தண்ணீரைத் தொடக் கூடாது. அப்படியே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள்.

பக்கத்துல பனியன் துணி கட்டிங் வேஸ்ட்டும் பாலித்தீன் கவரும் சேர்த்து எரிக்கறாங்க. புகை வரும்போது ஈரத்துணி கட்டிக்கிட்டா போதுமா?
— வாசகர், அவிநாசி

போதாது. ஈரத்துணி கரியைக் கொஞ்சம் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. பி.வி.சி. கலந்து எரிந்தால் வருவது அமில வாயு, கூடவே டையாக்சின் எனும் நஞ்சு. புகை வரும் பக்கத்து ஜன்னலை மூடி, குழந்தைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.