இரவுப் பால் பாட்டிலும் முன்பல்லில் வெள்ளைக் கோடும்

ரெண்டு வயதுப் பையன் பால் பாட்டிலோடே தூங்குகிறான், மேல் முன்பற்களில் ஈறோரம் வெள்ளைக் கோடு தெரிகிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் சொத்தையின் தொடக்கம். குழி விழுவதற்குள் பிடித்தால் நிறுத்திவிடலாம்.

தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரக்கும். பாலிலுள்ள சர்க்கரை பல்லிலேயே தங்கிவிடும். கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் முதலில் அடிபடுவது மேல்பற்கள்தான்.

பாட்டிலை ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடு ரெண்டாகிவிடும்! தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, கடைசியில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். சர்க்கரை போடாத பாலைப் படுக்கும் முன்பே டம்ளரில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஃப்ளோரைடு பேஸ்டை அரிசியளவு எடுத்து நீங்களே தேய்த்துவிடுங்கள்.

'பால்பல்தானே, விழுந்துடும்' என்பார்கள் வீட்டில். கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை இருக்கும். இந்த வாரமே குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டி, ஃப்ளோரைடு வார்னிஷ் (சொத்தையைத் தடுக்கப் பல்லின்மேல் பூசும் மருந்து) பூசலாமா என்று கேளுங்கள்.