டிவி நட்சத்திரங்களைப் பார்க்கக் குழந்தையை அழைத்துப் போகிறீர்களா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. டிவியில் பார்க்கும் பாடகர்களையும் சீரியல் நடிகைகளையும் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஷூட்டிங்குக்கு அழைத்துப் போகலாமா? அவளுக்கு அது நல்ல நினைவாக நிற்க என்ன செய்ய வேண்டும்?

தாராளமாக அழைத்துப் போங்கள். 8 வயது இதற்குச் சரியான வயது. 5, 6 வயது வரை பல பிள்ளைகளுக்குப் பாத்திரம் வேறு, நடிக்கிறவர் வேறு என்பது முழுசாகப் பிடிபடாது. பெரியவர்களுக்கே அது லேசில் பிடிபடுவதில்லை. 1987-88இல் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடிய காலத்தில், ராமராக நடித்த அருண் கோவில் என்ற நடிகரைக் கண்ட இடத்தில் காலில் விழுந்தவர்கள் ஏராளம். உங்கள் மகளின் நினைவு எப்படி அமையும் என்பது அந்த நட்சத்திரம் எவ்வளவு பெரியவர் என்பதைப் பொறுத்ததல்ல. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு களைப்போடு போய் நிற்கிறாள் என்பதைப் பொறுத்தது. அந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன.

போகக் கூடாத இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நகைக்கடைத் திறப்பு, மால் விளம்பர நிகழ்ச்சி, தியேட்டர் வாசல். கூட்டத்தில் 8 வயதுப் பிள்ளையின் முகம் பெரியவர்களின் நெஞ்சு உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். நட்சத்திரத்தின் கார் வந்ததும் பின்னாலிருந்து தள்ளு வரும். நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டுவது அப்போதுதான். அந்த நெரிசலில் குழந்தையைத் தூக்கக் குனியக்கூட இடம் இருக்காது. 2024 டிசம்பர் 4 இரவு ஐதராபாத் சந்தியா தியேட்டரில் நடிகரைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் ஒரு தாய் இறந்துபோனார், அவருடைய சின்ன மகன் உயிருக்குப் போராடினான். தோளில் தூக்கிக் காட்டலாம் என்று நினைத்துக்கூடப் போக வேண்டாம்.

போகத் தகுந்த இடங்கள் இரண்டு: ஸ்டுடியோவில் நடக்கும் ரியாலிட்டி ஷோ பதிவு, சீரியல் எடுக்கும் ஷூட்டிங் வீடு.

ஸ்டுடியோ பதிவுக்குப் பார்வையாளர்களைத் திரட்டுவதற்கென்றே ஆடியன்ஸ் கோஆர்டினேட்டர்கள் இருக்கிறார்கள். கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு, மகளிர் குழு என்று கூட்டமாகத்தான் அழைப்பார்கள். பார்வையாளராக உட்காரக் காசு கட்ட வேண்டியதில்லை. யாராவது "பதிவுக் கட்டணம்", "ஆடிஷன் ஃபீஸ்" என்று பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். குழந்தையை அனுமதிப்பார்களா, குறைந்தபட்ச வயது என்ன என்பதை முன்கூட்டியே கேளுங்கள். சில நிகழ்ச்சிகளில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. வாசல் வரை போய்த் திரும்பினால் குழந்தை தாங்காது.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். பெரிய செட்டுகள் பல ஊருக்கு வெளியே இருக்கின்றன. சென்னையில் பூந்தமல்லி தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் இருக்கும் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி அப்படி ஒன்று. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 5, 6 மணி நேரம் பதிவு நடப்பது சாதாரணம். ஒரே நாளில் 2 எபிசோட் எடுத்தால் நள்ளிரவு தாண்டும். மறுநாள் பள்ளி விடுமுறையாக இருக்க வேண்டும். திரும்பி வர வண்டியை முதலிலேயே பேசி வையுங்கள். முதல் எபிசோட் முடிந்ததும் கிளம்ப முடியுமா என்று கோஆர்டினேட்டரிடம் கேட்டுவிட்டே உட்காருங்கள். நடுவில் எழுந்தால் பின்னணியில் நாற்காலி காலியாகத் தெரியும் என்பதால் விடமாட்டார்கள்.

உள்ளே ஏசி கடுமையாக இருக்கும். நூற்றுக்கணக்கான விளக்குகள், பெரிய எல்.இ.டி. திரைகள், மேக்கப் வியர்வையில் கரையாமல் இருக்க வேண்டிய கலைஞர்கள், எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வைக்கும் குளிர் அது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அரை மணியில் கை ஜில்லிட்டுவிடும். முழுக்கைச் சட்டையும் காலுறையும் அவசியம். நெருக்கமான மெல்லிய கோடு, சின்னக் கட்டம் போட்ட துணி வேண்டாம், கேமராவில் அந்தக் கோடுகள் நெளிந்து ஓடும். தூய வெள்ளைத் துணியும் வேண்டாம், விளக்கொளியில் பளீரென்று அடிக்கும். நெஞ்சில் பெரிய கம்பெனிப் பெயர் போட்ட டிஷர்ட்டும் கூடாது. இந்த மூன்றில் எது இருந்தாலும் உங்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். ஜரிகை குறைந்த, ஒரே நிறத் துணி போதும்.

இடம் பிடிக்கும்போது பெரிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம். பாட்டு நிகழ்ச்சியில் சத்தம் காதை அடைக்கும். காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். நீளமான கையின் நுனியில் கேமரா பொருத்திய ஜிம்மி ஜிப் பார்வையாளர்களின் தலைக்கு மேல் வீசி வரும். அது திரும்பும் பாதையில் குழந்தையை நாற்காலி மேல் நிற்க விடக் கூடாது. போனை வாசலிலேயே வாங்கி டோக்கன் கொடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். ஆகவே ஒரு சீட்டில் உங்கள் பெயரும் வீட்டில் இருப்பவரின் எண்ணும் எழுதி அவள் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு முதல் ஏமாற்றம் கைதட்டலில் வரும். மேடையில் யாருமே இல்லாதபோது "எல்லாரும் கைதட்டுங்க, இப்போ சிரிங்க, இப்போ அழுற மாதிரி பாருங்க" என்று ஃப்ளோர் மேனேஜர் சொல்லச் சொல்ல எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு எடிட்டிங்கில் தேவையான இடத்தில் ஒட்டுவார்கள். இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அதை ஒரு விளையாட்டாக ரசிக்கும். தெரியாமல் போகிற பிள்ளை "எல்லாம் பொய்யா?" என்று கேட்கும். பாடுகிறவரின் குரல் பொய்யில்லை, உழைப்பு பொய்யில்லை, வரிசையைத்தான் மாற்றி எடுக்கிறார்கள் என்று சொன்னால் 8 வயதுக்குப் புரியும்.

சீரியல் ஷூட்டிங் வீடு இன்னும் நெருக்கமான அனுபவம். வளசரவாக்கம், சாலிகிராமம், போரூர் பக்கம் இதற்கென்றே வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. தெரிந்தவர் மூலமாக, புரொடக்ஷன் மேனேஜரிடம் முதல் நாளே அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அங்கே குழந்தையைத் தூக்கிவாரிப்போடுவது குரல். தமிழ் சீரியல் நாயகிகளில் பலர் கன்னடமோ மலையாளமோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். டிவியில் நாம் கேட்பது டப்பிங் கலைஞரின் குரல். ஷாட் நடக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் உதவி இயக்குநர் நின்று வசனத்தை உரக்கப் படிப்பார், நடிகை அதைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். இதற்குப் பெயர் பிராம்ப்டிங். "அக்கா குரல் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று அவர் முகத்துக்கு நேரே உங்கள் மகள் கேட்பதற்கு முன், இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாத்திரத்தை உருவாக்குகிறார்கள் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். கொடுமைக்கார மாமியாராக வருபவர் மருமகளோடு ஒரே தட்டில் முறுக்கு சாப்பிடுவதையும் பார்ப்பாள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் வில்லியைச் சந்திப்பதுதான் பல குழந்தைகளுக்கு அதிகம் பிடித்துப்போகிறது.

எப்போது பேசுவது? சாப்பாட்டு நேரத்தில் கூடாது, அவர்களுக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அன்றைய ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் கூடாது, அடுத்த இடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். அழும் காட்சிக்கு முன்னும் பின்னும் நெருங்கவே கூடாது. ஒரு ஷாட் முடிந்து லைட்டிங்கை மாற்றும் 10, 15 நிமிட இடைவெளிதான் சரியான நேரம். நேராக நட்சத்திரத்திடம் போகாமல் உதவி இயக்குநரிடமோ, கண்ணாடியும் பஃபும் வைத்துக்கொண்டு கூடவே நிற்கும் டச்சப் உதவியாளரிடமோ கேளுங்கள். இந்த நிமிடத்தில் அவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டிப்பிடிக்க ஓடும் குழந்தையை ஒரு காரணத்துக்காகத் தடுக்க வேண்டியிருக்கும். ரியாலிட்டி ஷோ நடுவர், தொகுப்பாளர் எல்லாருடைய சட்டையிலும் காலர் மைக் இருக்கும். பட்டாணி அளவு மைக், துணிக்கு உள்ளே டேப் போட்டு ஒட்டிய மெல்லிய ஒயர், இடுப்புக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டிரான்ஸ்மிட்டர். கட்டிப்பிடித்தால் மைக் நகர்ந்துவிடும், அல்லது துணி உரசும் சத்தம் அடுத்த காட்சி முழுக்க வரும். ஒலிப்பதிவாளர் வந்து முதலிலிருந்து மாட்ட வேண்டும். மைக் உயிரோடு இருந்தால் நீங்கள் கிசுகிசுப்பது கண்ட்ரோல் ரூமில் ஹெட்போனில் கேட்கும் என்பதும் நினைவிருக்கட்டும். முதலில் கை கொடுக்கச் சொல்லுங்கள். அணைக்க வேண்டுமா என்பதை அவரே முடிவுசெய்து குனிவார்.

அடுத்தது, பேச்சே வராமல் உறைந்து நிற்பது. மிகவும் ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். அப்போது "பேசு, வீட்ல அவ்ளோ பேசுவியே" என்று முதுகில் தட்டாதீர்கள். அதுதான் அவள் மனதில் கடைசிவரை தங்கும், நட்சத்திரத்தின் முகம் தங்காது. முன்கூட்டியே ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்யுங்கள். "உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்பதற்கு "தேங்க்ஸ்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "அந்தப் பாட்டுல நீளமா இழுக்குற இடத்துல எங்க மூச்சு எடுத்தீங்க?" என்று கேட்டால் பாடகர் உட்கார்ந்து பாடியே காட்டுவார். பேச வராவிட்டால் அந்தக் கேள்வியை எழுதிய நோட்டை நீட்டினால் போதும்.

அந்த நோட்டுதான் செல்ஃபியைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. செல்ஃபி எடுக்கும் 5 நொடியும் இருவரும் போனைப் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போடும்போது அவர் குழந்தையைப் பார்த்துப் பெயர் கேட்கிறார். பக்கத்தின் மேலே அவள் பெயரை அவள் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள், எழுத்துப் பிழை வராது. தடித்த அட்டை நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் போதும். ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறும், ஈரக்கை பட்டால் கரையும். பஸ் டிக்கெட், கடை ரசீது போன்ற, சூட்டில் எழுத்து பதியும் வெப்பக் காகிதத்தில் வாங்கவே வேண்டாம், அந்தத் தாளே கொஞ்ச நாளில் கறுக்கும் அல்லது வெளுக்கும். வீட்டுக்கு வந்ததும் லேமினேட் செய்ய வேண்டாம். சூடும் பசையும் மையைக் கெடுக்கும். வெயில் படாத அலமாரியில் நோட்டாகவே இருக்கட்டும். போட்டோவும் எடுக்க அனுமதித்தால், எல்.இ.டி. திரைக்கு முன்னால் நிற்க வேண்டாம், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நீங்கள் மண்டியிட்டு அவள் கண் உயரத்தில் எடுங்கள்.

பார்வையாளராகப் போன இடத்தில் "பொண்ணு நல்லா பேசுறா, நடிக்க வைக்கலாமே" என்று யாராவது சொல்லலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும்; ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது; வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். இந்த மூன்றையும் கேட்டதும் மழுப்புகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கடைசியாக, ஒளிபரப்பு. பதிவில் யார் வெளியேறினார், யார் ஜெயித்தார் என்பதை எபிசோட் வரும்வரை பள்ளியில் சொல்லக் கூடாது என்று மகளிடம் முன்பே பேசிவிடுங்கள். 8 வயதுப் பிள்ளைகள் ரகசியத்தை நன்றாகவே காப்பாற்றுவார்கள், காரணம் சொன்னால். நீங்களும் படத்தை அதுவரை ஸ்டேட்டஸில் போட வேண்டாம். எபிசோட் வர 2, 3 வாரமும் ஆகலாம். பார்வையாளர் முகம் திரையில் வருவது 2, 3 நொடிதான், வராமலும் போகலாம். அதனால் தாத்தா பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் "எங்க பொண்ணு டிவில வர்றா" என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். எபிசோடைப் பார்த்து, அவள் முகம் வந்திருந்தால் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு கூப்பிட்டுக் காட்டுங்கள்.